வெளிநாடு போகும் கம்பெனிக் காகிதங்கள்: சென்னையில் நான் நம்பும் ஒரு அட்டஸ்டேஷன் ஏஜென்சி

கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் ஏற்றுமதி ஆவணங்கள் பார்ப்பது என் வேலை. மோனோபிளாக், சப்மெர்சிபிள் இரண்டும் செய்கிறோம். பெரும்பகுதி வளைகுடாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போகிறது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாம் தினம் ஓடுகிற வேலை, அதில் கை தானாகப் போய்விடும். கம்பெனியின் அடிப்படைக் காகிதங்கள் கடல் தாண்ட வேண்டி வரும்போதுதான் எல்லோருக்கும் கை நடுங்குகிறது. கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், எம்.ஓ.ஏ. (கம்பெனியின் நோக்கங்களை எழுதிய அடிப்படைப் பத்திரம்), போர்டு ரெசல்யூஷன் (இயக்குநர் குழுவின் தீர்மானம்), பவர் ஆஃப் அட்டர்னி என்று ஒவ்வொன்றுக்கும் யார் யார் முத்திரை வேண்டும், எந்த வரிசையில் வேண்டும் (இந்த முத்திரைகளை வாங்கும் வேலைதான் அட்டஸ்டேஷன்) என்பதைத் தெளிவாகச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. கிடைக்கிற ஆட்களில் பாதிப் பேர் தங்களுக்கு எது லாபமோ அதைச் சொல்கிறார்கள்.

சமீபத்தில் இரண்டு வேலை சேர்ந்து வந்தது. ஓமானின் மஸ்கட்டில் இருக்கும் எங்கள் டீலர் அரசு டெண்டர் ஒன்றில் கலந்துகொள்ளப் போகிறார். உற்பத்தியாளர் நாங்கள்தான், அவர் எங்கள் அங்கீகாரம் பெற்றவர்தான் என்று காட்ட பதிவுச் சான்றிதழ், போர்டு ரெசல்யூஷன், அங்கீகாரக் கடிதம் மூன்றும் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் சான்று ஸ்டிக்கர்) செய்து வேண்டும் என்றார். அதே சமயம் எங்கள் முதலாளி துபாயில் சின்னதாக ஓர் ஆபீஸ் திறக்க முடிவு செய்தார். அங்கேயும் அதே பதிவுச் சான்றிதழ், கூடவே எம்.ஓ.ஏ., ரெசல்யூஷன், பவர் ஆஃப் அட்டர்னி. காகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் போகிற பாதை முழுக்க வேறு. இரண்டையும் பாரிமுனைப் பக்கம் மாடியில் இயங்கும் ஒரு சின்ன ஏஜென்சியிடம் கொடுத்தேன். அவர்கள் வேலை எப்படி இருந்தது என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பெயரைப் போடவில்லை. அங்கே வேலையை முழுதாக அறிந்தவர் ஒரே ஒருவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். அவர் நாளைக்கு வேறு இடம் போய்விட்டால் நான் எழுதியதை நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். எதை வைத்து இவர்களை நம்பினேன் என்று சொல்லிவிட்டால், மதுரையிலோ திருப்பூரிலோ இருப்பவர்களும் தங்கள் ஊர் ஏஜென்சியை அதே போல உரசிப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அவர்கள் கேட்ட கேள்விகள். போன் செய்து, "நாலைந்து டாக்குமெண்ட் அட்டஸ்டேஷன் பண்ணணும், எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்டேன். மற்ற இடங்களில் இந்தக் கேள்விக்கு உடனே ஒரு தொகை வந்து விழும். அண்ணன் தொகை சொல்லவில்லை. "மேடம், எந்த நாடு? அங்கே யார் கையில போய்ச் சேரும், அரசாங்க ஆபீஸா, பேங்கா, இல்ல பார்ட்டியோட வக்கீலா? அவங்க கேட்டது எழுத்துல இருக்கா? இருந்தா அதை அப்படியே எனக்கு அனுப்புங்க, அப்புறம் விலை பேசலாம்" என்றார். டீலர் அனுப்பிய மின்னஞ்சலை அனுப்பினேன். படித்துவிட்டு மறுபடி அழைத்து, அங்கீகாரக் கடிதத்தை டீலரின் வணிகப் பதிவில் உள்ள பெயருக்கே எழுதச் சொன்னார். டீலர் தன் கடைப் பெயரைத்தான் எங்களுக்குக் கொடுத்திருந்தார். ஒரு ரூபாய்கூட வாங்குவதற்கு முன்னால் செய்த வேலை அது.

இரண்டாவது, நான் வேண்டுமென்றே கேட்ட ஒரு கேள்வி. "அண்ணா, இதே செட்டை ஜெர்மனிக்கும் அப்போஸ்டில் போட்டுக் கொடுக்க முடியுமா?"

அட்டஸ்டேஷன் வேலையில் இருக்கிறவரைச் சோதிக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. அப்போஸ்டில் என்பது 1961 அக்டோபர் 5ஆம் தேதியிட்ட ஹேக் ஒப்பந்தத்தின்படி கொடுக்கப்படும் சான்று. ஒப்பந்தத்தில் உள்ள ஒரு நாட்டின் பொது ஆவணத்தை, ஒப்பந்தத்தில் உள்ள இன்னொரு நாடு எம்பசி முத்திரை கேட்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்தியாவுக்கு அது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜெர்மனியும் அதில் உறுப்பு நாடுதான். ஆனால் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது, அதை இன்னும் விலக்கிக்கொள்ளவில்லை. அதனால் இந்த இரண்டு நாட்டுக்கும் நடுவே மட்டும் அப்போஸ்டில் செல்லாது. சீனா கதையும் இதே மாதிரிதான். 2023 நவம்பரில் சீனாவுக்கு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது, ஆனால் இந்தியாவோடு அது பொருந்தாது. உறுப்பு நாடுகள் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

கோவையில் முன்பு நாங்கள் விசாரித்த ஓர் ஏஜென்சிக்காரர் இந்தக் கேள்விக்கு "தாராளமா போட்டுடலாம்ங்க, ஒரு வாரத்துல கைக்கு வந்துடும்" என்றார். பாரிமுனைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஜெர்மனிக்கு அது செல்லாது மேடம். ஸ்டிக்கர் ஒட்டி வாங்கித் தர யாராலும் முடியும், அங்கே வாங்க மாட்டாங்க. எந்த ஆபீஸுக்குன்னு சொல்லுங்க, ஜெர்மன் தூதரகத்துல என்ன கேட்கறாங்கன்னு பார்த்துச் சொல்றேன்" என்றார். அந்த இடத்திலேயே வேலையை இவரிடம் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

அதே கோவை ஆள் ஓமானுக்கு "அப்போஸ்டில் பிளஸ் எம்பசி" என்று இரண்டும் சேர்த்து ஒரு பேக்கேஜ் விலை கொடுத்திருந்தார். ஓமானுக்கு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2012 ஜனவரி 30. அதற்கப்புறம் எம்பசி முத்திரைக்கு அங்கே வேலையே இல்லை. அப்போஸ்டில் இருக்கும் காகிதத்துக்குத் தூதரகங்கள் மறுபடி சான்று போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவே சொல்கிறது. இல்லாத தேவைக்குப் பணம் வாங்குவது சின்ன ஏற்றுமதியாளர்களை எவ்வளவு பாதிக்கும் என்று தினமும் பார்க்கிறேன். முதல் ஆர்டர் அனுப்பும் ஒரு சின்னப் பட்டறைக்காரருக்கு அந்தப் பத்தாயிரம் பதினைந்தாயிரம் என்பது அந்த ஆர்டரின் லாபம். இது எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற விஷயம்.

வளைகுடாவுக்கு அனுப்புகிறவர்கள் நாடு வாரியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓமான், பஹ்ரைன், சவுதி மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. சவுதி கடைசியாக வந்தது, 2022 டிசம்பர் 7 முதல். அதற்கு முன் சவுதிக்குக் காகிதம் அனுப்பியவர்கள் பழைய நினைப்பில் இன்னமும் எம்பசியைத் தேடுகிறார்கள். எமிரேட்ஸ் (துபாய் இருக்கும் நாடு), கத்தார், குவைத் மூன்றும் இதை எழுதும்போது ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கின்றன. அவற்றுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரண அட்டஸ்டேஷன், அதன் மேல் அந்தந்தத் தூதரக முத்திரை என்ற பழைய வழிதான்.

சரி, வேலைக்கு வருவோம். வணிக ஆவணத்துக்கு அடித்தளம் சேம்பர், அதாவது வர்த்தக சபை. பட்டப்படிப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் போன்றவை மாநில அரசு வழியாக அமைச்சகத்துக்குப் போகும். கம்பெனிக் காகிதங்கள் சேம்பர் வழியாகப் போகும். இந்த ஏற்பாட்டின் உள்ளே இருக்கும் தர்க்கத்தை அண்ணன் எனக்கு ஒரு தடவை விளக்கினார், அதற்கப்புறம் எனக்கு எதிலும் குழப்பம் வரவில்லை. எந்த முத்திரையும் காகிதத்தில் எழுதியிருப்பது உண்மை என்று சொல்வதில்லை. எங்கள் இயக்குநரின் கையெழுத்து உண்மை என்று நோட்டரியும் சேம்பரும் சொல்கின்றன. சேம்பர் அதிகாரியின் கையெழுத்து உண்மை என்று அமைச்சகம் சொல்கிறது. அமைச்சக அதிகாரியின் கையெழுத்து உண்மை என்று எம்பசி சொல்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு முந்தியவரின் கையெழுத்துக்கு மட்டுமே பொறுப்பு. அதனால்தான் வரிசை மாறக் கூடாது, நடுவில் ஒன்று விட்டுப்போகவும் கூடாது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அமைச்சகம் சேம்பர் அதிகாரியின் கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டுமானால் அவருடைய மாதிரிக் கையெழுத்து அமைச்சகத்தின் கோப்பில் இருக்க வேண்டும். சேம்பரில் பொறுப்பாளர் மாறி, புதியவரின் மாதிரி இன்னும் போய்ச் சேராமல் இருந்தால் காகிதம் அப்படியே திரும்பி வரும். அண்ணன் இதை முன்கூட்டியே கேட்கச் சொன்னார். எங்கள் கம்பெனி 1929இல் தொடங்கிய கோவை இந்திய வர்த்தகத் தொழில் சபையில் உறுப்பினர். "அப்போ சேம்பர் வேலையை நீங்களே கோயம்புத்தூர்லயே முடிச்சுக்கங்க. மெம்பர் ரேட்ல ஆயிடும். நான் இங்கே வேற சேம்பர்ல போட்டா மெம்பர் இல்லாதவங்களுக்கான கட்டணம்தான் வாங்குவாங்க, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். தன் பில்லில் ஒரு வரியைத் தானே வெட்டிக்கொண்ட ஏஜென்சிக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனி சொல்லப்போவது நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டியது: இனிஷியல். எங்கள் இயக்குநர் ஒருவருடைய பெயர் எம்.ஓ.ஏ.வில் இனிஷியலோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் விரிந்து அப்பா பெயராக, குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. போர்டு ரெசல்யூஷனைத் தயாரித்த கம்பெனி செக்ரட்டரி, வழக்கம்போல இனிஷியல் போட்டே அடித்திருந்தார். நமக்கு இது ஒரே ஆள் என்பதில் சந்தேகமே வராது. துபாயில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது இரண்டு பேர். பவர் ஆஃப் அட்டர்னியில் இருக்கிற பெயரையும் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரையும் எழுத்து எழுத்தாக வைத்துப் பார்ப்பார்கள்.

அண்ணன் என் ஸ்கேன் காப்பியைப் பார்த்த உடனேயே அந்த வரியில் வட்டம் போட்டு அனுப்பினார். தீர்வும் அவரே சொன்னார். ரெசல்யூஷனில் பதிவேட்டில் உள்ள பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையும் இரண்டையும் எழுதி, இருவரும் ஒருவரே என்று ஒரு வரி சேர்த்து, பாஸ்போர்ட் எண்ணையும் போட வேண்டும். பவர் ஆஃப் அட்டர்னியில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர். கம்பெனி செக்ரட்டரி ஒரு மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டார். நோட்டரிக்குப் போகும் முன் இது பிடிபட்டதால் வெறும் பேப்பர் செலவோடு போயிற்று. எம்பசி முத்திரை விழுந்த பிறகு தெரிந்திருந்தால் முதலிலிருந்து எல்லாக் கட்டணத்தையும் மறுபடி கட்டியிருக்க வேண்டும்.

கம்பெனிப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். "பிரைவேட் லிமிடெட்" என்று பதிவில் இருந்தால் லெட்டர்ஹெட்டிலும் ரப்பர் ஸ்டாம்பிலும் அப்படியே இருக்கட்டும். பழைய ஸ்டாம்பில் சுருக்கமாக இருந்தால் புதிதாக ஒன்று செய்துவிடுங்கள், இருநூறு முந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது.

இப்போதெல்லாம் பதிவுச் சான்றிதழ் டிஜிட்டல் கையெழுத்தோடு பி.டி.எஃப். ஆக வருகிறது. அதைப் பிரிண்ட் எடுத்தால் மையால் போட்ட கையெழுத்து எங்கும் இருக்காது. அதனால் பிரிண்ட்டில் இயக்குநர் கையெழுத்திட்டு, கம்பெனி சீல் போட்டு, நோட்டரியிடம் ட்ரூ காப்பி என்று சான்று வாங்கி, அதைத்தான் சேம்பருக்குக் கொண்டுபோனேன். ஐ.எஸ்.ஓ. சான்றிதழையும் சேர்த்து அனுப்பலாம் என்று எங்கள் மார்க்கெட்டிங் பையன் லேமினேட் செய்ததைத் தூக்கிக்கொண்டு வந்தான். லேமினேஷன் மேல் முத்திரையும் பிடிக்காது, ஸ்டிக்கரும் ஒட்டாது. அப்புறம், டீலர் கேட்ட பட்டியலில் அது இல்லவும் இல்லை. கேட்காத காகிதத்தைச் சேர்க்காதீர்கள் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எம்.ஓ.ஏ. பல பக்கம். அதை ஓரத்தில் ஸ்டேப்ளர் போட்டு, அந்த பின் மேலேயே நோட்டரி தன் முத்திரையை இரண்டு பக்கமும் விழுகிற மாதிரி குத்தியிருப்பார். ஜெராக்ஸ் மெஷினில் வேகமாக ஓட்டுவதற்காக அந்தப் பின்னைக் கழற்றுவது எல்லா ஆபீஸிலும் நடக்கிற வேலை. கழற்றி மறுபடி அடித்தால் முத்திரை விலகி நிற்கும், நடுவில் பக்கம் மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுத் திருப்பிவிடுவார்கள். கவரைத் திருப்பி அனுப்பும்போது அண்ணன் சிவப்பு மையில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேலேயே க்ளிப் செய்திருந்தார்: "பின்னைக் கழற்ற வேண்டாம். ஸ்கேன் காப்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், அதைப் பயன்படுத்தவும்." நல்ல வேலைக்காரருக்கு அடுத்த ஆள் எங்கே அவசரப்படுவார் என்பதும் தெரிந்திருக்கிறது.

அமைச்சகத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் எல்லாக் காகிதமும் டெல்லியில் அமைச்சகத்தின் பட்டியாலா ஹவுஸ் அனெக்ஸ் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். 2012 ஜூலைக்குப் பிறகு தனி ஆட்களிடமிருந்து நேராக வாங்குவதை அமைச்சகம் நிறுத்தி, அதிகாரம் பெற்ற நிறுவனங்கள் வழியாக மட்டுமே வாங்குகிறது. 2019 தொடக்கத்திலிருந்து சென்னை உட்பட பல ஊர்களில் இருக்கும் அமைச்சகக் கிளைகளிலேயே அப்போஸ்டிலும் அட்டஸ்டேஷனும் செய்கிறார்கள். தமிழ்நாட்டு ஏற்றுமதியாளர்களுக்கு இது பெரிய நிம்மதி. எங்கள் ஓமான் செட் சென்னையைத் தாண்டவே இல்லை. கொடுத்த வாரத்துக்குள்ளேயே அப்போஸ்டில் முடிந்து கைக்கு வந்தது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அமைச்சகம் அதிகாரம் கொடுத்த நிறுவனங்களின் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது, அவர்கள் வாங்கும் கட்டணம் வரையறுக்கப்பட்டது. நாம் பொதுவாக "அட்டஸ்டேஷன் ஏஜென்சி" என்று சொல்கிற கடைகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. நம் காகிதத்தை வாங்கி, சரிபார்த்து, அந்த அதிகாரம் பெற்ற நிறுவனத்திடம் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வருகிறார்கள். இதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் "நாங்கதான் கவர்மெண்ட் ஏஜென்சி" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பட்டியலை எடுத்துப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். பாரிமுனைக்காரர் முதல் நாளே, "நாங்க இடையில இருக்கற ஆள்தான் மேடம், நீங்க சென்னையிலேயே இருந்தீங்கன்னா நேராவே போய்க் கொடுக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

அப்போஸ்டில் ஸ்டிக்கரை முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருக்கும், அவ்வளவு சிறியது. காகிதத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கும். தலைப்புக்குக் கீழே ஹேக் ஒப்பந்தத்தின் பெயரும் தேதியும் பிரெஞ்சு மொழியில் இருக்கும், எந்த நாட்டு அப்போஸ்டிலிலும் அது பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும். அதற்குக் கீழே எண் போட்ட பத்து வரிகள். எந்த நாடு, ஆவணத்தில் கையெழுத்திட்டவர் யார், என்ன பொறுப்பில், யாருடைய முத்திரை என்று முதல் நாலு. எங்கே, எந்தத் தேதியில், யாரால் சான்று அளிக்கப்பட்டது, வரிசை எண் என்ன என்று அடுத்த நாலு. கடைசி இரண்டும் முத்திரையும் கையெழுத்தும். கைக்கு வந்ததும் இரண்டாவது வரியைப் படியுங்கள். அங்கே உங்கள் சேம்பர் அதிகாரியின் பெயர் இருக்க வேண்டும், உங்கள் இயக்குநரின் பெயர் அல்ல. அப்புறம் எட்டாவது வரியில் உள்ள எண்ணை அமைச்சகத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபாருங்கள். எங்கள் ஸ்டிக்கர்களை நானே போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாக வந்தது. மஸ்கட் டீலரிடமும் அந்த வழியைச் சொல்லிக் கொடுத்தேன். அரபி மொழிபெயர்ப்பை அவரே அங்கே செய்துகொண்டார். காகிதம் ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்கப்பட்டது.

துபாய் செட் வேறு உலகம். நோட்டரி, சேம்பர் வரைக்கும் ஒன்றுதான். அதன் பிறகு அமைச்சகத்தின் சாதாரண அட்டஸ்டேஷன், பிறகு எமிரேட்ஸ் தூதரகம், பிறகு அங்கே போனதும் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம், கடைசியில் அந்த நாட்டு நீதி அமைச்சகத்தின் உரிமம் பெற்றவரிடம் அரபி மொழிபெயர்ப்பு. வணிக ஆவணத்துக்கான தூதரகக் கட்டணம், தனிநபர் ஆவணக் கட்டணத்தைவிடப் பல மடங்கு அதிகம். இதைத் தெரியாமல், சொந்தக்காரப் பையனின் டிகிரி சர்டிபிகேட்டுக்கு ஆன செலவை வைத்துக் கணக்குப் போட்டு முதலாளியிடம் பட்ஜெட் சொல்லிவிடாதீர்கள். அண்ணன் கட்டணத்தை ஆவண வாரியாக எழுதி அனுப்பிவிட்டு, கீழே ஒரு கேள்வியும் சேர்த்திருந்தார்: "எம்.ஓ.ஏ.வையும் பதிவுச் சான்றிதழையும் தனித்தனியாகக் கேட்கிறார்களா, சேர்த்து ஒரே கட்டாகக் கொடுத்தால் ஏற்பார்களா என்று துபாயில் கேட்டுச் சொல்லுங்கள்." கேட்டேன். சேர்த்தே போதும் என்றார்கள். ஓர் ஆவணத்துக்கான தூதரகக் கட்டணம் மிச்சம். எல்லா ஆபீஸும் இப்படி ஏற்றுக்கொள்ளாது, ஆனால் கேட்காமல் விட்டால் அந்தப் பணம் போனது போனதுதான்.

துபாயில் உள்ள வேறொரு வாடிக்கையாளர் எங்கள் இன்வாய்ஸையும் எம்பசி முத்திரையோடு அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் இவரிடமே கொடுத்துவிடலாம் என்று எடுத்துப் போனேன். வாங்க மறுத்துவிட்டார். 2023 பிப்ரவரி முதல் எமிரேட்ஸுக்குள் வரும் 10,000 திர்ஹாமோ அதற்கு மேலோ மதிப்புள்ள இறக்குமதி இன்வாய்ஸ்களுக்கு அங்கே இறக்குமதி செய்பவரே அவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் இணையவழியில் இன்வாய்ஸுக்கு 150 திர்ஹாம் கட்டிச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆகிவிட்டது. "இது அவங்க வேலை மேடம், உங்க வேலை இல்ல. இந்தத் தகவலை அவங்களுக்கு அனுப்பி, இதுக்கு மேலயும் ஏதாவது தேவையான்னு கேளுங்க" என்றார். வாடிக்கையாளருக்கு அனுப்பினேன், அவருடைய கிளியரிங் ஏஜெண்ட் அதை உறுதி செய்துவிட்டார். கையில் வந்த வேலையைத் திருப்பிக் கொடுத்தது அந்த வாரத்தில் இரண்டாவது தடவை.

விலை. அப்போஸ்டிலுக்கு அரசு வாங்கும் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய், அமைச்சகத்தின் சாதாரண அட்டஸ்டேஷனுக்குக் கட்டணமே இல்லை. இதைக் கேட்டவுடன் எங்கள் முதலாளி, "அம்பது ரூபா வேலைக்கு இவ்வளவு பில்லா? ஏனுங்கம்மா, ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார். கேட்டிருந்தேன். பில் வரி வரியாக இருந்தது. அரசுக் கட்டணம், அதிகாரம் பெற்ற நிறுவனத்தின் சேவைக் கட்டணம், கூரியர், இவர்களுடைய சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. துபாய் செட்டில் தூதரகக் கட்டணத்துக்கு அசல் ரசீதே இணைத்திருந்தார்கள். இவர்களுடைய சொந்தக் கட்டணம் குறைவு என்று சொல்ல மாட்டேன். நாங்கள் விசாரித்ததில் நடுத்தரம். ஆனால் எது அரசுக்குப் போகிறது, எது இவர்களுக்கு என்று பிரித்துக் காட்டிய ஒரே இடம் இதுதான். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று மொத்தமாகச் சொல்கிற இடத்தில் அந்த மொத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. இதையெல்லாம் சொன்ன பிறகு முதலாளி கையெழுத்துப் போட்டார்.

குறைகளும் உண்டு. முதலில் சொன்னதுதான் பெரிய குறை: வேலை தெரிந்தவர் ஒருவர். அவர் ஊருக்குப் போயிருந்த நாட்களில் போனை எடுத்த பையனுக்கு எங்கள் துபாய் செட் டெல்லியில் இருக்கிறதா, திரும்பி வருகிறதா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. எண்ணைப் போட்டுக் காகிதம் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வசதி ஏதும் இல்லை, எல்லாம் வாட்ஸ்அப் செய்திதான். பல லட்சம் மதிப்புள்ள ஒப்பந்தம் அந்தக் கவருக்குள் இருக்கும்போது இது போதாது. விடுமுறைக் கணக்கையும் அவர்கள் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். எம்பசிக்குப் போகும் காகிதத்துக்குத் தமிழ்நாட்டு விடுமுறை, மத்திய அரசு விடுமுறை, அந்த நாட்டுத் தூதரக விடுமுறை மூன்றும் சேரும். எங்கள் செட் போன நேரத்தில் மூன்றும் அடுத்தடுத்து வந்ததால் அவர்கள் சொன்ன தேதியைத் தாண்டி இழுத்தது. துபாயில் ஆபீஸ் வாடகைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு எங்கள் ஆள் காத்திருந்தார். காலண்டரை முன்னால் வைத்துக்கொண்டு தேதி சொல்லியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட்டிருப்போம். இதை அண்ணனிடமே நேராகச் சொன்னேன். அடுத்த வேலையின் மதிப்பீட்டுத் தாளில் விடுமுறை நாட்களைத் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறார்.

அப்போஸ்டிலுக்குக் காலாவதித் தேதி கிடையாது. ஆனால் வாங்குகிற ஆபீஸ் "மூன்று மாதத்துக்குள் எடுத்த ரெசல்யூஷன்தான் வேண்டும்" என்று கேட்கலாம், கேட்கவும் செய்கிறார்கள். அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே ஒரு கட்டு செய்து பீரோவில் வைக்க நினைக்காதீர்கள். டெண்டர் தேதி தெரிந்த பிறகு பின்னோக்கி எண்ணி வேலையைத் தொடங்குங்கள்.

இப்போது ரியாத்துக்கு ஒரு செட் தயாராகிறது. அதையும் இவர்களிடம்தான் கொடுக்கிறோம். நேரில் போக விரும்புகிறவர்கள் அண்ணன் இருக்கிற நேரமா என்று போனில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. மதியத்துக்கு மேல் அவர் பெரும்பாலும் காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். கம்பெனி சீல், லெட்டர்ஹெட் நாலைந்து தாள், கையெழுத்திடுபவரின் பாஸ்போர்ட் நகல், வெளிநாட்டுக்காரர் எழுத்தில் கேட்டதன் பிரிண்ட், இவை கையில் இருந்தால் அங்கேயே உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்துவிடுவார்.